மாமிட கிளினிக் கொப்பி

போன கிழமை மாமியக் கூட்டிக்கிட்டு மனநோய் கிளினிக்குக்குப் போனன். அவட கிளினிக் கொப்பிய நீங்க பாக்கணும், பேப்பரால சுத்தி, புடவைக்கடை பேக் ஒண்டுக்குள்ள வெச்சு, அதுக்கு மேல ரெண்டு முருங்கைக்காய். மருந்து கெடச்ச உடனே உறையக் கிழிச்செறிஞ்சிட்டு குளிசை எல்லாத்தையும் பழைய விட்டமின் போத்தலுக்குள்ள கொட்டினா. திரும்பி வரக்குள்ள பஸ்ஸில தெரிஞ்ச பொம்பள ஒராள் "எங்ககா போய் வாறீங்க" எண்டு கேட்டதுக்கு "பிரஷர் கிளினிக்" எண்டா. கல்லடிப் பாலம் தாண்டுமட்டும் வாவியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

இதே மாமிய மூணு வருசமா நாங்க கொண்டு போகாத இடமில்ல. சோத்துக்குள்ள ஆரோ மருந்து வெச்சிட்டாங்க எண்டு சாப்பிடாம, ராவில ஆரோ கூப்பிடுற மாதிரிக் கேக்குது எண்டு முத்தத்துக்கு ஓடுவா. செய்வினை எண்டாங்க. நூல் கட்டினம், கழிப்புக் கழிச்சம், வாக்குக் கேட்டம், ஓதின தண்ணியும் வாங்கிக் குடுத்தம். இதில ஒண்டையும் நாங்க ஒளிக்கல்ல பாருங்க, பக்கத்து வீட்டாக்களும் ஆட்டோல ஏறி கூடவே வந்தாங்க. கோயிலுக்குப் போனா பாவம் எண்டுவாங்க, கிளினிக்குக்குப் போனா விசர் எண்டுவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோயில நான் பழிக்கல்ல. சண்டைக் காலத்தில புள்ளையக் காணாத தாய்மார் எத்தின பேர் காளி கோயில்ல வாக்குக் கேட்டு அழுதவங்க, வேற எங்க போய் வாய்விட்டு அழுற அப்ப?

ஒரு கட்டத்தில தமிழ்நாட்டில இரிக்கிற ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டு போவம் எண்டும் கதை வந்திச்சு. நான்தான் விடல்ல. 2001 ஆகஸ்ட் 6ம் திகதி விடியச் சாமம் அங்க கொட்டில் ஒண்டு தீப்பத்தி, சங்கிலில கட்டிக் கெடந்த 28 பேர் ஓட ஏலாமச் செத்த கதைய வாசிச்சிருந்தன்.

மாமி ஒளிக்கிறதுக்கு காரணம் அவட ரெண்டு மகள்மார். எங்கட மட்டக்களப்புப் பக்கம் குடி எண்ட வம்சம் தாய்வழிதானே, கலியாணம் பேச வாறவன் முதல்ல தாய்ட பக்கத்தைத்தான் தோண்டுவான். தகப்பனுக்கு எண்டா எப்படியும் பூசி மெழுகலாம், தாய்க்கு எண்டா முடிஞ்சுது. சுவிஸ்ல இருக்கிற மச்சாளும் இப்படித்தான், டிப்ரஷனுக்கு லீவு எடுத்துட்டு நம்மட சனத்துக்கு முதுகு வலி எண்டு சொல்லியிரிக்கா.

பெயரிலயும் பிழை இரிக்கு. கொழும்பையே காணாத நாங்க பள்ளிக்கூடத்தில "உன்ன அங்கொடைக்குத்தான் அனுப்பணும்டா" எண்டு சொல்லிச் சிரிச்சவங்க, மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஒரு ஊர்ட பெயரையே ஏச்சா ஆக்கி வெச்சம். ஜப்பான்ல சிசோஃப்ரீனியாக்கு முந்தி இருந்த பெயர் மனசு பிளந்த வருத்தம் எண்ட மாதிரி, அத நோயாளிட்ட சொல்ல டொக்டர்மாருக்கே வாய் வராதாம், வீட்டாக்கள் கேட்டுக் கேட்டு 2002ல பெயரையே மாத்தினாங்க, மறுகா கனபேருக்கு என்ன வருத்தம் எண்டு நேராச் சொல்லத் தொடங்கினாங்க. நாம அத மனச்சிதைவு எண்டுறம். சிதைஞ்சு போச்சு எண்டு சொல்லிப்போட்டு சுகமாகும் எண்டா ஆரு நம்புற?

வீட்ட வந்து மாமி முருங்கைக்காய் சீவக்குள்ள கீல் எண்ட ஊரப் பத்திச் சொன்னன். பெல்ஜியத்தில இரிக்கு, நூற்றாண்டுக் கணக்கா அந்த ஊர்ச் சனம் இந்த வருத்தக்காரர தங்கட வீட்டில வெச்சுப் பாக்குது, வைத்தியமும் நடக்கும், வீட்டில ஒராளாவும் இருக்கலாம்.

மாமி கத்திய வெச்சிட்டு கொஞ்ச நேரம் பேசல்ல.

"அந்த வீட்டுச் சோத்த அவங்க பயமில்லாமத் தின்னுவாங்களா மனே?"

தின்னுவாங்க போல மாமி எண்டன்.