ஆளில்லாத குழுக்களை என்ன செய்வது?

எங்கள் இணையக் கலந்துரையாடல் வலையமைப்பில் யாரும் எழுதாத குழுக்கள் கூடிவிட்டன, துப்புரவாக்க வேண்டும் என்று கொஞ்சக் காலமாகக் கதை நடக்கிறது. துப்புரவாக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "மூன்று மாதம் பதிவில்லையா, அழி" என்று சிலர் சொல்கிற அளவுகோல் வன்னிக்குச் சரிவராது.

முதலில் யார் அழிப்பது? கிளிநொச்சியில் ஒரு சேர்வர், வவுனியாவில் ஒன்று, லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கள் பெடியள் நடத்துகிறவை வேறு. எல்லாம் லெமி என்ற கலந்துரையாடல் மென்பொருளில் ஓடுகின்றன, ஒன்றோடொன்று தொடர்பு, ஆனால் ஒன்றுக்குக் கீழே இன்னொன்று இல்லை. ரொறன்ரோ சேர்வரில் தொடங்கிய குழுவைக் கிளிநொச்சியில் எங்கள் ஆட்களின் கண்ணில் படாதபடி மறைக்கலாம், இல்லாமல் பண்ண முடியாது. இன்னொன்று, குழு தொடங்கிய சேர்வரே நின்றுபோனால் மற்ற இடங்களில் அதன் பிரதி கிடக்கும், அதில் சனம் எழுதிக்கொண்டும் இருக்கும், ஆனால் ஒரு சேர்வரில் எழுதுவது மற்றதுக்குப் போய்ச்சேராது. அப்படிக் கிடப்பவைதான் உண்மையில் ஆட்களை ஏமாற்றுகின்றன. அவற்றை முதலில் பூட்டுங்கள்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1980இல் தொடங்கிய யூஸ்நெட் என்ற கணினிவழிக் கலந்துரையாடல் வலையமைப்புக்கும் மையம் என்று ஒன்று இருக்கவில்லை. 1987இல் அதன் குழுக்களை ஏழு பெரும் பிரிவுகளாக மாற்றி அடுக்கினார்கள். அவற்றில் புதுக் குழு வேண்டுமென்றால் விவாதம், பிறகு வாக்கெடுப்பு. ஆதரவு எதிர்ப்பைவிட 100 வாக்காவது கூட இருக்கவேண்டும், விழுந்ததில் மூன்றில் இரண்டு பங்காவது ஆதரவாகவும் இருக்கவேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த விதி. குழு திறப்பதில் இருந்த கட்டுப்பாடு பிடிக்காதவர்கள் 1987இலேயே "ஆல்ட்" என்ற பிரிவைத் தொடங்கினார்கள், அங்கே சேர்வர்களுக்குக் கட்டளைச் செய்தி அனுப்பத் தெரிந்த யாரும் குழு திறக்கலாம். நீக்கவும் ஒரு கட்டளை இருந்தது, ஆனால் அதை ஏற்பதா விடுவதா என்பது ஒவ்வொரு சேர்வர்க்காரரின் விருப்பம். போலிக் கட்டளைகளும் வந்ததால் பலர் நீக்கச் சொன்னதைக் கவனிக்கவே இல்லை. வெறும் பெயரோடு குழுக்கள் வருடக்கணக்காகக் கிடந்தன. எங்களிடமும் திறப்பது ஒரு நிமிட வேலை. ஒரு சண்டை வந்தால் அடுத்த நாள் அதே பெயரில் இன்னொரு சேர்வரில் இன்னொரு குழு. முல்லைத்தீவு வேலைவாய்ப்புக்கு எத்தனை குழு வேண்டும்? இரண்டு பக்கப் பொறுப்பாளர்களும் கதைத்து ஒன்றைப் பூட்டி, மற்றதன் முகவரியை அங்கே மேலே ஒட்டிவிட்டால் போதும்.

ஆனால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர்க் குழுவைப் பாருங்கள். காலபோகத்தில், அதாவது மழைக்கால விதைப்பில், மழை இருக்கும்வரை அங்கே ஒரு சத்தமும் இராது. குளத்துத் தண்ணீரில் செய்கிற சிறுபோகத்துக்கான கூட்டம் வருகிறது என்றால், எத்தனை ஏக்கர் விதைக்க விடுவார்கள், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று இரவிரவாக எழுதுவார்கள். மூன்று மாத விதிப்படி அது எப்போதோ போயிருக்கும். கமம் செய்கிற ஊரில் குறைந்தது இரண்டு போகமும் பார்த்த பிறகுதான் ஒரு குழு செத்ததா என்று சொல்லலாம்.

அதைவிட, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களும் கடைசியாகக் கண்ட இடங்களும் போட்டிருக்கிற குழு. அங்கே யாரும் அரட்டை அடிக்க வருவதில்லை, எப்போதாவது ஒரு தாய் வந்து பார்த்துவிட்டுப் போவார். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. பதிவு எண்ணிக்கையைக் காட்டி அந்தக் குழுவில் கைவைக்க எந்த அட்மினுக்கும் உரிமையில்லை என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் குடும்பங்கள் கேட்டால் மட்டும்தான்.

மற்றவற்றுக்கு என் யோசனை இதுதான்: மூடப்போகிறோம் என்ற அறிவித்தலை அந்தக் குழுவுக்குள்ளேயே ஒட்டுங்கள், அட்மின்களின் அறையில் மட்டும் வேண்டாம். ஆட்சேபனை வந்தால் ஆட்சேபித்தவரிடமே பொறுப்பை எடுக்கிறீர்களா என்று கேளுங்கள். ஒருவரும் வராவிட்டால் பூட்டுங்கள், ஆனால் பழைய பதிவுகள் வாசிக்கக் கிடைக்கட்டும். வவுனிக்குளம் குழுவின் பொறுப்பாளர் வெளிநாடு போய்விட்டார், அதை யாராவது எடுப்பதென்றால் இந்தச் சிறுபோகக் கூட்டத்துக்கு முன் சொல்லுங்கள்.