தட்டு சொன்ன தூரம்

கிரீன் கார்டு கைக்கு வந்த வருஷம், பக்கத்து வீட்டுப் பெரியவர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டார். ஒஹாயோவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும். "ஊர்ல மானைத் தொட்டா ஜெயிலுங்க" என்றாள் மனைவி. போன வருஷம் எங்கள் கார் பம்பரைப் பெயர்த்ததும் ஒரு மான்தான் என்பதால் அதோடு விட்டுவிட்டாள்.

பெரியவருக்குக் கைத்துப்பாக்கி வேட்டைதான் பிடிக்கும். எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. முன் அனுபவம்? தீபாவளிக்கு ரோல் கேப் வெடித்தது.

ஆபீஸ் நண்பன், "என்கிட்ட இருக்கிற மாதிரி 9 எம்எம் வாங்குடா, போதும்" என்றான். போதாது. ஒஹாயோ விதிப்படி மான் வேட்டைக் கைத்துப்பாக்கியின் குண்டு விட்டம் 0.357 அங்குலமாவது இருக்க வேண்டும். 9 எம்எம் குண்டின் விட்டம் 0.355. குழல் 5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஆக, வேகமும் உதைப்பும் கூடிய மேக்னம் தோட்டாக்களில் 357 மேக்னமா, அதைவிடப் பெரிய 44 மேக்னமா என்பதுதான் கேள்வி. 44-இன் வழக்கமான குண்டு 240 கிரெய்ன், அதாவது 15.6 கிராம், 357-க்கு 158 கிரெய்ன். பெரிசுதானே நல்லது என்று 44-இல் ஏழரை அங்குலக் குழல் ரிவால்வர் வாங்கினேன்.

முதல் வெடியில் குழல் வானத்தைப் பார்த்தது. கட்டைவிரல் கவட்டில் தோல் உரிந்து எரிந்தது. அடுத்த வெடிக்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டேன். பெரியவர் திட்டவில்லை. அதே துப்பாக்கியில் போடக்கூடிய, உதைப்புக் குறைந்த 44 ஸ்பெஷல் தோட்டாவைக் கொடுத்துவிட்டு, 25 கெஜத்தில் ஒரு பேப்பர் தட்டை ஒட்டினார். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் கிட்டத்தட்ட அந்த அகலம்தான்.

இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் தட்டு சுட்டேன். கடைசியில் மேக்னம் தோட்டாவுக்கே திரும்பினேன். 40 கெஜத்தில் ஆறும் தட்டுக்குள். 50-இல் இரண்டு வெளியே.

"அப்போ உன்னுடையது 40 கெஜத் துப்பாக்கி" என்றார்.

எனக்குக் கொஞ்சம் ரோஷம். தோட்டாப் பெட்டியில் அச்சடித்த வேகத்துக்கு 40 எந்த மூலைக்கு?

சீசன் முதல் நாள், அறுத்த சோளக்காட்டு ஓரம். ஆரஞ்சு நிற அங்கிக்குள் விரல் விறைத்துக் கிடந்தது. எட்டு மணிக்கு ஒரு கொம்பு மான் வெளியே வந்து நின்று, பக்கவாட்டில் திரும்பியது. 60 கெஜம் இருக்கும். குறியில் தோள் தெரிந்தது. கூடவே அந்த இரண்டு வெளிக்குண்டும். துப்பாக்கியைத் தாழ்த்தினேன்.

மதியம் பெரியவர் கேட்டார்: "எவ்வளவு தூரம்?"

"60."

ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கு முதலில் காபி ஊற்றினார்.