மே மாதத்தில் ஓடும் மழைநீர் வடிகால்

சென்னையில் கத்திரி வெயில் நாளில் ஏதாவது ஒரு மழைநீர் வடிகாலின் மூடி இடுக்கில் எட்டிப் பாருங்கள். காய்ந்து கிடக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, நாற்றத்தோடு தண்ணீர் ஓடினால், எங்கோ வீட்டுக் கழிவுநீர் அதில் சேர்கிறது. குடிநீர், மழைநீர், கழிவுநீர் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைந்த நீர் மேலாண்மை பற்றிய பேச்சை ஏரியில் தொடங்குவார்கள். இந்த மூடியில் தொடங்குவதுதான் சரி என்பேன்.

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கிறது. மொட்டைமாடி மழைக்குழாயைப் பாதாளச் சாக்கடை சேம்பரில் இறக்கிவிட்ட வீடுகள் உண்டு. 1,000 சதுர அடி மாடியில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் சுமார் 4,600 லிட்டர். அதே வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவு என்ற வழக்கமான கணக்குப்படி பார்த்தால் நாள் முழுவதுக்கும் 432 லிட்டர்தான், மணிக்கு 18. ஆக அந்த ஒரு வீடு தன் வழக்கத்தைப்போல் 250 மடங்கு தண்ணீரைக் குழாயில் தள்ளுகிறது. கழிவுநீர்க் குழாயோ சராசரியைப்போல் இரண்டு மூன்று மடங்கு வந்தால் தாங்கும்படிதான் போடப்படுகிறது. நூறில் ஒரு வீடு இப்படிச் செய்தாலே மொத்தத் தெருவின் சுமை மூன்றரை மடங்காகிவிடும். பம்பிங் ஸ்டேஷன் திணறும், தாழ்வான வீட்டுக் கழிப்பறையில் எதிர்த்துக்கொண்டு வரும். தெருவில் தேங்கிய மழைநீரை வடிக்க மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடும் நல்ல மனசுக்காரர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

ஏன் யாரும் கண்டுகொள்வதில்லை? குடிநீரும் கழிவுநீரும் 1978இல் தொடங்கிய சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் வசம். மழைநீர் வடிகால் மாநகராட்சி வசம். பெரிய ஏரியும் ஆறும் நீர்வளத் துறை வசம். வடிகாலில் கழிவு ஓடினால் அது யார் தப்பு என்பதற்கே ஒரு கூட்டம் போட வேண்டும். அந்த வடிகால் ஏரியில் முடிந்தால், சேமிக்கிறோம் என்ற பெயரில் ஆகாயத்தாமரைக்கு உரம் போடுகிறோம்.

கழிவுநீரைப் பிரித்துவைப்பது நாற்றத்துக்காக மட்டுமல்ல. கடலை விட்டுவிட்டால், மழை பொய்த்தாலும் பொய்க்காத ஒரே உள்ளூர் நீராதாரம் அதுதான். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019இல் வந்த நிலையங்கள் ஒவ்வொன்றும் கழிவுநீரை ஆர்.ஓ. (அழுத்தம் கொடுத்துச் சவ்வின் வழியே உப்பைப் பிரிப்பது) வரை சுத்திகரித்து, நாளைக்கு 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டவை. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வீட்டுக் கழிவுநீரில் ஒரு கிராம் அளவுதான். அதனால் அழுத்தமும் மின்சாரமும் பல மடங்கு குறைவு. கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளுக்குக் கிடைக்கும் விளம்பரம் இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். இந்த நிலையங்களுக்கு மழைநீர் கலந்த கழிவு ஆகாது: வெள்ளமாக வந்தால் காற்றூட்டும் தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களே அடித்துக்கொண்டு போய்விடும். அடுத்த கட்டத்தில் வடிகட்டிச் சவ்வு அடைத்துக்கொள்ளும். விரிசல் விட்ட பழைய குழாய்க்குள் உப்பு நிலத்தடி நீர் கசிந்தால், அதே அழுத்தத்தில் நல்ல நீர் குறைவாகவே வரும்.

வீட்டளவில் சோதிக்க ஒரு பக்கெட் தண்ணீரில் கேசரி பவுடரைக் கரைத்து மாடிக் குழாய் வாயில் ஊற்றுங்கள். சாக்கடை சேம்பரில் நிறம் தெரிந்தால் குழாயை வெட்டித் திருப்ப வேண்டும். திருப்பும் இடம் கிணறு என்றால் பாதி வேலை முடிந்தது. கிணறு இல்லாவிட்டால் மண்ணைப் பாருங்கள். பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் சிறு குழியே உறிஞ்சும். களிமண்ணில் 3 அடிக் குழி வெட்டி ஜல்லி கொட்டுவது கணக்குக் காட்ட மட்டுமே. அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தட்டும் வரை உறை இறக்க வேண்டும். முதல் மழையில் 100, 200 லிட்டரை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள். தூசியும் காக்கை எச்சமும் அதில்தான் வரும். 2003 மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்காகக் கட்டிய தொட்டிகள் பல செயலிழந்ததற்கு ஒரு காரணம், வடிகட்டும் மேல் மணலை ஒருமுறைகூடக் கழுவாததுதான். செப்டம்பர் கடைசியில் மேலே உள்ள அரை அடி மணலை அள்ளி, கழுவி, திரும்பப் போடுங்கள். சேறு பிடித்திருந்தால் புது மணல்.