கடிதம் வராமலே போகும் வேலை

பொருளாதாரம் விழுந்தால் எத்தனை பேருக்கு வேலை போனது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தக் கணக்கை வைத்து ஒன்றும் பிடிபடாது. கடலுக்குப் போகிறவருக்கும், வயலில் புல்லுப் பிடுங்குகிறவருக்கும், மேசனுக்குக் கையாளாக நிற்கிறவருக்கும் நியமனக் கடிதமே கிடையாது. பிறகு நிறுத்தும் கடிதம் எங்கிருந்து வரும்? கிழமைக்கு 6 நாள் இருந்த வேலை 4 ஆகும், அடுத்த மாதம் 2 ஆகும். கேட்டால் "வேலைக்குப் போறன்தானே" என்பார். "இந்தக் கிழமை எத்தனை நாள் போனீங்க?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியைக் கடற்கரையிலிருந்து பார்த்தால் இது நன்றாக விளங்கும். அந்த வருஷம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் போனது. சிறிய எஞ்சின் வள்ளம் ஒன்று ஒரு ஓட்டத்துக்கு 20 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். பழைய விலையில் எண்ணெய்க்கு 1,740 ரூபா. ஐஸ், இரை, சாப்பாடு என்று இன்னும் 1,500. மீன் 15,000 ரூபாவுக்குப் போனால் செலவு கழித்து 11,760 மிஞ்சும். பாதி வள்ளத்துக்கும் வலைக்கும், மறுபாதி 3 பேருக்கு. ஆளுக்கு 1,960 ரூபா. புது விலையில் எண்ணெய் மட்டும் 6,800. மற்றச் செலவும் 2,200 ஆகிவிட்டது. அதே 15,000 ரூபா மீனில் மிச்சம் 6,000, ஆள் பங்கு 1,000. யாருடைய கூலியையும் யாரும் குறைக்கவில்லை, பங்கு முறையும் மாறவில்லை, ஆனால் வீட்டுக்கு வருவது பாதி. 8,000 ரூபாவுக்கு மட்டும் மீன் பட்ட நாளில் 1,000 ரூபா துண்டு விழும். அது அடுத்த ஓட்டத்தின் தலையில் ஏறும். கடலுக்குப் போய் வந்த மனுஷன் கடனோடு கரையேறுகிறார்.

மீன் விலையும் கூடியதுதானே என்பார்கள். கூடியது உண்மை. ஒரு கிலோ வாங்கிய வீடு அரைக் கிலோவுக்கு இறங்கியதும் உண்மை.

எண்ணெய்ச் செலவு தாங்காதவர்கள் வாவிக்குத் திரும்பினால் அங்கே தோணியும் வலையும் கூடுகிறது. இறால், நண்டு எல்லோருக்கும் பிரிந்து போகிறது. ஆள் கூடக் கூட வலைக்கண் சின்னதாகிறது. தடைசெய்யப்பட்ட தங்கூசி (ஒற்றை இழை நைலோன்) வலையும் வெளியே வருகிறது. குஞ்சு மீனை இப்போது அள்ளினால் அடுத்த வருஷப் பஞ்சத்தையும் சேர்த்தே அள்ளுகிறோம். வயிறு காய்ந்தவரிடம் இதைச் சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வேளாண்மைப் பக்கம் அடி ஒரு வருஷம் முந்தியே விழுந்துவிட்டது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது மாரி வேளாண்மைக்கு விதைப்பு முடிந்திருந்தது. அடுத்த சிறுபோகத்தில் 50 கிலோ யூரியா மூட்டை அரசு விலைக்கே 10,000 ரூபா; வெளியில் 40,000 வரை கேட்டார்கள். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 2 மூட்டை வேண்டும். வாவிக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரையில் 3 ஏக்கர் செய்கிறவர் இந்தக் காசை எதிலிருந்து மிச்சம் பிடிப்பார்? உழவு மெசினையும் வெட்டு மெசினையும் தவிர்க்க முடியாது. கூலிக்குப் புல்லுப் பிடுங்கும் பெண்களைத்தான் முதலில் நிறுத்துவார். "இந்த முறை வீட்டாக்களே பாத்துக்கொள்ளுவம்" என்ற ஒரு வசனத்தோடு அந்தப் பெண்களின் பருவ வருமானம் முடிந்துவிடும். நெல் குறைந்தால் மில்லில் மூட்டை தூக்குகிறவருக்கும் லொறியில் போகிறவருக்கும் நாள் குறையும். மில் வாசலில் இருக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் அதே கதிதான்.

கட்டட வேலை நின்றதற்குக் காரணம் இரண்டு. 2021 தொடக்கத்தில் 1,000 ரூபா அளவில் இருந்த சீமெந்துப் பை, 2022 நடுவில் 3,000 ரூபாவைத் தொட்டது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை ஒரே நாளில் 7.5இலிருந்து 14.5 வீதமாக்கியது. லோன் எடுத்து வீடு கட்ட இருந்தவர்கள் அத்திவாரத்தோடு நிறுத்தினார்கள். மேசன்மார் பூச்சு, திருத்த வேலை என்று ஓரளவு தப்பினார்கள். கையாட்களுக்கு அதுவும் இல்லை. அம்பாறையின் நெசவு ஊரான மருதமுனைத் தறிகளுக்கு நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். டொலர் 200இலிருந்து 360க்கு ஏறியபோது அந்த விலையும் ஏறியது. புடவைக் கணக்கில் கூலி வாங்கும் நெசவாளிக்கு, நூல் வராத நாள் கூலி இல்லாத நாள்.

கடிதத்தோடு வேலை பார்க்கும் கார்மன்ட் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. அங்கே முதலில் போவது ஓ.ரி., அதாவது மேலதிக நேர வேலைக் காசு. அடிப்படைச் சம்பளம் அப்படியே இருக்கும், கைக்கு வரும் காசு இறங்கும். ஓடர் இன்னும் குறைந்தால் அச்சடித்த தாள் ஒன்று வரும்: "சுயவிருப்பில் விலகுகிறேன்." அதில் கையெழுத்து வைக்கவே வேண்டாம் என்பதுதான் இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்லும் விஷயம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அது. "ரெண்டு மாதம் வீட்டில நில்லுங்க, பிறகு கூப்பிடுறம்" என்ற தற்காலிக நிறுத்தமும் அதற்குள் அடங்கும். நீங்கள் வைக்கும் கையெழுத்துத்தான் அந்தச் சம்மதம். வைத்த பிறகு நஷ்டஈடு கேட்பது மிகவும் கடினம். வைக்காமல் வெளியேற்றப்பட்டால் 6 மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுங்கள். சம்பளத் துண்டு, நியமனக் கடிதம், வரவுப் பதிவின் படம் கையில் இருக்கட்டும். போனில் எடுத்த படம் என்றாலும் பரவாயில்லை.

சம்பளத் துண்டில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) என்று இருக்கும் இடத்தையும் பாருங்கள். உங்களிடம் 8 வீதம் கழித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும், ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று முதலாளி போடும் 3 வீதம் தனி. நெருக்கடி வந்தால் சில இடங்களில் கழிப்பது நடக்கும், கட்டுவது நடக்காது. எனவே வருஷம் ஒருமுறையாவது மீதியை விசாரியுங்கள். 5 வருஷம் முடித்தவருக்கு, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால், வருஷத்துக்கு அரைமாதச் சம்பளம் பணிக்கொடை உண்டு. தானாக விலகினாலும் உண்டு. பலர் இதைக் கேட்காமலே வீட்டுக்குப் போகிறார்கள்.

கடன் எடுக்க வேண்டி வந்தால் தொழிற் சாமானை மட்டும் அடகு வைக்க வேண்டாம். தையல் மெசின், எஞ்சின், வலை போனால் மீட்கும் வழியும் சேர்ந்தே போகும். நகை இருந்தால் வங்கி அடகு முதல். கிழமைக் கட்டுக்காசுக் கடனில் சொல்லும் வட்டியை நம்பிவிடக் கூடாது. 1 இலட்சத்துக்கு வருஷம் 24 வீதம் என்று 1,24,000 ரூபாவை 52 கிழமையாகப் பிரித்தால் கிழமைக்கு 2,385. முதல் கிழமையிலிருந்தே முதலும் குறைகிறது, ஆனால் வட்டி கடைசி வரை முழு 1 இலட்சத்துக்கு. சராசரியாக உங்கள் கையில் இருந்த காசு அரை இலட்சம்தான் என்பதால் உண்மை வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. குழுக் கடன் என்றால் ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும், அந்த வீடுகளில் உலை கொதிக்காது. தவணை தவறுவதற்கு முன்பே போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி எழுத்தில் கேளுங்கள். தவறிய பிறகு கேட்டால் அபராதத்தையும் சேர்த்துத்தான் பேசுவார்கள்.

கடைசியில் பலர் கைவைப்பது பாஸ்போட்டில். 2022இல் மட்டும் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். போவது அவரவர் முடிவு. ஆனால் விசிட் விசாவில் ஏற்றிவிட்டு அங்கே மாற்றித் தருகிறோம் என்று சொல்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம். அப்படிப் போகிறவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவும் இல்லை, காப்புறுதியும் இல்லை. முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டில் உம்மாவிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.