ஓமா: ஒரு நவம்பர் மாத நாட்குறிப்பு

2024 நவம்பர் 6, புதன்

என் கணவரின் அம்மம்மா நேற்று அதிகாலை கனடாவின் கிச்சனர் நகரில் காலமானார். 1926ஆம் ஆண்டு, அப்போது ஜேர்மனியின் மாகாணமாக இருந்த கிழக்குப் புரூசியாவில், ஹைலிகன்பைல் என்ற சிற்றூருக்கு அருகிலிருந்த ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். 98 வயது வரை வாழ்ந்தார். ஓமா என்றால் ஜேர்மன் மொழியில் பாட்டி. பேரப்பிள்ளைகளைப் போலவே நானும் அவரை அப்படித்தான் அழைத்து வந்தேன்.

மாலையில் மாமியின், அதாவது என் கணவரின் தாயின், வீட்டில் மரண அறிவித்தல் எழுத உட்கார்ந்தோம். கணவரின் தாய்மாமன் கொண்டுவந்த வரைவு, போரில் அனைத்தையும் இழந்து 1952இல் கனடாவுக்கு வந்து உழைப்பால் உயர்ந்தவர் என்று தொடங்கியது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அம்மா தன் கதையை ஒருநாளும் அங்கிருந்து தொடங்கியதில்லை என்று மாமி சொன்னார். ஓமாவிடம் போரைப் பற்றி யார் கேட்டாலும், அவர் முதலில் 1938க்குத்தான் போவார். அதைக் கேட்கப் பொறுமை இல்லாதவருக்கு 1945ஐப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார். மரண அறிவித்தல் சரித்திரப் பாடம் அல்ல, பத்திரிகைக்காரர் வரிக்கு வரி காசு கேட்பார் என்றார் மாமா. அவர் சொல்வதும் நியாயம்தான். அறிவித்தல் அவர் எழுதியபடியே போயிற்று. அதில் இடம் கிடைக்காததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 9, சனி

நேற்று அடக்கம் முடிந்தது. லூத்தரன் தேவாலய மண்டபத்தில், அவர்களுடைய வழக்கப்படி, வந்தவர்களுக்கெல்லாம் கோப்பியும் வெண்ணெய்க் கேக்கும் கொடுத்தார்கள். செத்தவீட்டில் கேக்கா என்று முன்பெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இப்போது பழகிவிட்டது.

ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தேதியில் இருட்டியதும் ஓமா சமையலறை யன்னலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார். காரணத்தைத் தானாகச் சொல்லமாட்டார். கேட்டால் முழுவதையும் சொல்லுவார். 1938இல் அவருக்கு 12 வயது. படிப்புக்காகக் கோனிக்ஸ்பேர்க் நகரில் அத்தை வீட்டில் தங்கியிருந்தார். ஹிட்லரின் இளைஞர் அமைப்பில் சிறுமியருக்கென்று இருந்த பிரிவில் அவரும் ஒருவர். அந்தத் தலைமுறையில் பலர், கட்டாயம் என்பதால்தான் போனோம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓமா அப்படிச் சொன்னதில்லை. பாட்டும் கொடியும் முகாம் நெருப்பும் தனக்கு மிகவும் பிடித்திருந்தன என்றே சொல்லுவார்.

கோனிக்ஸ்பேர்க் பேராலயத்துக்கு எதிரே, பிரேகல் ஆற்றின் மறுகரையில், பெரிய குவிமாடத்துடன் யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. நவம்பர் 9ஆம் தேதி இரவு நாஜிகள் அதற்குத் தீ வைத்தார்கள். பக்கத்திலேயே இருந்த யூத அநாதை இல்லத்துப் பிள்ளைகளை இரவு உடையோடு தெருவுக்குத் துரத்தினார்கள். மறுநாள் காலை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓமா அந்தப் பக்கமாக நடந்து போனபோது இன்னும் புகைந்துகொண்டிருந்ததாம். நேரே பார்த்து நட என்று அத்தை சொன்னார். இவரும் நேரே பார்த்து நடந்தார். அவ்வளவுதான் கதை. ஆனால் தன் வாழ்க்கையில் எதைச் சொல்வதென்றாலும் அந்த நடையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவர் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நகரத்திலிருந்து 1942 ஜூன் 24 அன்று 465 யூதர்களை ரயிலேற்றி மின்ஸ்க்குக்கு அருகே கொண்டுபோய்க் கொன்றதை அவர் கனடாவுக்கு வந்து பல காலத்துக்குப் பிறகுதான் படித்து அறிந்தார்.

இன்று அந்நகரின் பெயர் கலினின்கிராட், ரஷ்யாவுக்கு உரியது. 2018 நவம்பரில் அதே இடத்தில் தொழுகைக்கூடத்தை மீண்டும் கட்டித் திறந்த செய்தியை என் கணவர் அவருக்குக் காட்டினார். படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தவர், முதலில் கேட்ட கேள்வி, இதற்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதுதான்.

மெழுகுவர்த்தியை இன்று மாமி ஏற்றினார்.

நவம்பர் 13, புதன்

1945 ஜனவரி 13 அன்று சோவியத் படைகள் கிழக்குப் புரூசியாவின் மீது பெருந்தாக்குதலைத் தொடங்கின. அப்போதும் மாகாணத்தின் நாஜித் தலைவன் எரிக் கோக், மக்கள் ஊரைவிட்டுப் புறப்படக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தான். பிறகு அவன் மட்டும் கப்பலேறித் தப்பினான். போலந்து நீதிமன்றம் 1959இல் அவனுக்கு மரணதண்டனை விதித்தது. ஆனால் அது நிறைவேற்றப்படவில்லை, 1986இல் சிறையிலேயே செத்தான். அந்தச் செய்தித் துண்டை ஓமா வெட்டி, தைக்கும் ஊசிகள் வைத்திருந்த தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். நேற்று அந்தப் பெட்டியைத் திறந்தபோது கண்டோம்.

வயது போனவர்களை எல்லாம் சேர்த்துக் கட்டிய படையில் தகப்பனைக் கொண்டுபோய்விட்டார்கள், அவர் திரும்பவில்லை. பெப்ரவரியில் தாயும், 18 வயது ஓமாவும், 4 வயதுத் தம்பியும் குதிரை வண்டியில் புறப்பட்டார்கள். மூன்று பக்கமும் பாதை அடைபட்டிருந்ததால், உறைந்து கிடந்த கடல்நீரேரியைக் கடந்து மறுபக்கத்து மணல்திட்டுக்குப் போவதுதான் எஞ்சிய வழி. வண்டியை ஓட்டியவர், போலந்திலிருந்து பலவந்தமாகப் பிடித்துக்கொண்டுவந்து அவர்களுடைய பண்ணையில் வேலைக்கு விடப்பட்ட ஓர் இளைஞர். இதைச் சொல்லாமல் ஓமா பனிக்கட்டிக் கதைக்குள் நுழையவே மாட்டார். பனியின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பாதையைக் காட்ட மரக்கொப்புகளை நட்டிருந்தார்கள். குண்டு விழுந்து உடைந்த இடங்களில் மேலே மெல்லிய ஆடையாக மறுபடியும் உறைந்திருக்கும். அதன்மேல் ஏறிய வண்டி, குதிரையோடும் ஆட்களோடும் உள்ளே போய்விடும். அவர்களுக்கு முன்னால் போன வண்டி அப்படித்தான் போயிற்று. அந்த இளைஞர் கீழே இறங்கி, ஒரு கம்பால் பனியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே குதிரையைக் கடிவாளம் பிடித்து நடத்தினார். கரை சேர்ந்த பிறகு அவர் என்ன ஆனார் என்பது ஓமாவுக்குத் தெரியாது.

என்னை முதன்முதலாக இந்த வீட்டுக்கு அழைத்து வந்த நாளில், நான் எங்கிருந்து வந்தவள் என்று ஓமா விசாரித்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் ஒரே பாதையால் இடம்பெயர்ந்ததையும், மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க நாங்கள் பட்ட பாட்டையும் சொன்னேன். அப்போது நான் சிறுபிள்ளை. மற்றவர்கள் அதற்கு ஐயோ பாவம் என்றார்கள். ஓமா கேட்டது ஒன்றுதான்: "மாடுகளை அவிழ்த்துவிட்டீர்களா?" அம்மம்மா அவிழ்த்துவிட்டுத்தான் வந்தார் என்றேன். தாங்களும் அப்படித்தான் செய்ததாகவும், பால் கறக்காமல் விட்ட பசுக்கள் வண்டிக்குப் பின்னால் கத்திக்கொண்டே வந்ததாகவும் சொன்னார். அன்றைக்கு நாங்கள் இருவரும் வேறு எதையும் பெரிதாகப் பேசவில்லை.

டான்சிக் துறையிலிருந்து கப்பல். ஜனவரி 30 அன்று வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் என்ற கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 9,000க்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. துறைமுகத்தில் நின்றவர்களுக்கு அந்தச் செய்தி காதில் விழுந்திருந்தது. ஆனாலும் ஏறினார்கள். இறங்கியது டென்மார்க்கின் கோபன்ஹேகன். ஒரு பள்ளிக்கூடத்தின் தரையில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள். கோடையில் தம்பி வயிற்றோட்டத்தால் இறந்தான். அந்த ஆண்டு டென்மார்க்கில் ஆயிரக்கணக்கான ஜேர்மன் அகதிக் குழந்தைகள் இறந்தார்கள். டேனிஷ்காரர்கள் எங்கள் பிள்ளைகளைக் கவனிக்கவில்லை என்று யாரேனும் தொடங்கினால், 1940 ஏப்ரல் முதல் 1945 மே வரை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர்கள் யார் என்று ஓமா கேட்பார். தன் சொந்தத் தம்பியைப் பற்றிய பேச்சிலும் இந்த ஒழுங்கை அவர் மாற்றவில்லை. எனக்கு அது சில வேளைகளில் கொடுமையாகப் பட்டதுண்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கும் அந்தக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?

நவம்பர் 17, ஞாயிறு

ஜேர்மனியர்கள் போரில் இறந்தோரை நினைவுகூரும் ஞாயிறு இது. கிச்சனரின் வூட்லண்ட் மயானத்தில், இரு உலகப் போர்களின்போதும் கனடாவில் கைதிகளாக இருந்து இறந்த 187 ஜேர்மனியரின் கல்லறைகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் அங்கே நினைவு வணக்கம் நடைபெறும். மாமா போனார். ஓமா ஒருமுறையும் போனதில்லை. இறந்தவர்கள் மீது அவருக்குக் கோபமில்லை. நின்று அழுதுவிட்டுத் திரும்புவோரில் சிலர் பேசும் பேச்சைத்தான் அவர் தவிர்த்தார் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறு. அந்த ஆண்டு இறந்த சபையாரின் பெயர்களை லூத்தரன் தேவாலயத்தில் வாசிப்பார்கள். ஓமாவின் பெயரை இன்று வாசித்தார்கள்.

அவருடைய கனடா வாழ்க்கையை இன்னும் எழுதவில்லை. நீளத்தில் அதுதான் பெரும்பகுதி; ஆனால் அதைப் பற்றி அவருக்கே சொல்ல அதிகம் இருக்கவில்லை. டென்மார்க்கில் ஏறத்தாழ 250,000 அகதிகள் முள்வேலிக்குள் இருந்தார்கள். ஓமாவும் தாயும் ஒக்ஸ்பேல் முகாமில், 35,000 பேருக்கு நடுவில் இருந்தார்கள். 1948இல் வட ஜேர்மனியின் ஷிலெஸ்விக்-ஹோல்ஸ்டைனுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த ஜூனில் புதிய நாணயம் வந்தபோது தலைக்கு 40 மார்க் கிடைத்தது. கிராமத்தவருக்கு அகதிகள் பாரம். ஒரு விவசாயியின் பரணில் தாயும் மகளும் குடியிருந்தார்கள். தாய் அங்கேயே காலமானார்.

ஜேர்மன் குடிமக்கள் குடியேறுவதற்கு இருந்த தடையைக் கனடா 1950 செப்டெம்பரில் நீக்கியது. ஓமா 1952இல் பிரேமனில் பீவர்பிரே கப்பலேறினார். அந்தக் கப்பல் ஹாம்பர்க்கில் கட்டப்பட்டது. போருக்குப் பிறகு நட்டஈடாகக் கனடாவின் கைக்குப் போனது. ஐரோப்பாவுக்குச் சரக்கை ஏற்றிச் சென்று, திரும்பும்போது ஆட்களை ஏற்றி வரும். கியூபெக்கில் இறங்கி, ரயிலில் கிச்சனர். ஓராண்டு ஒப்பந்தத்தில் வீட்டு வேலை. பிறகு சட்டைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைக்கும் வேலை. யூகோஸ்லாவியாவிலிருந்து துரத்தப்பட்ட ஒரு ஜேர்மானியரை மணந்தார். அவர் டயர்த் தொழிற்சாலைக்காரர். இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு, பின்வளவில் கூஸ்பெரிப் பற்றைகள்.

1916 வரை இந்த ஊருக்கே பெர்லின் என்றுதான் பெயர். 1969 முதல் ஒக்ரோபர்ஃபெஸ்ட் என்னும் தென் ஜேர்மனியப் பாணி விழா நடக்கிறது. தோல் காற்சட்டையும் பவேரியத் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து ஓமாவுக்கு வாழ்த்துச் சொல்லுவோரிடம், பவேரியாவை நான் பார்த்ததேயில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜேர்மன் ஆய்வு மையம் இப்பகுதிக் குடியேறிகளின் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்தபோது, கேள்விகளைத் தான்தான் ஒழுங்குபடுத்துவேன் என்று அடம்பிடித்து, கடைசியில் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

நவம்பர் 30, சனி

மாமியும் நானும் கோனிக்ஸ்பேர்க் மாசிப்பான் என்ற பாதாம் இனிப்பைச் செய்தோம். பாதாமைத் தோலுரித்து அரைத்து, சீனித்தூளும் சிறிது பன்னீரும் சேர்த்துப் பிசைந்து, தட்டையாக உருட்டி, வில்லைகளாக வெட்டி, ஓரத்தில் மெல்லிய கரை கட்டி, அந்தக் கரையில் கிள்ளுக் கிள்ளாக வரி போட வேண்டும். மற்ற ஊர் மாசிப்பானுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு: மேற்பக்கம் மட்டும் சிவக்கச் சுட வேண்டும். ஓமா அவண் கதவைத் திறந்தபடியே வைத்து, மேலே நெருப்பை எரியவிட்டு, தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார். கரை பொன்னிறம் கண்டதும் வெளியே இழுத்துவிடுவார். மணிக்கூட்டைப் பார்க்கமாட்டார். எங்களுடைய முதல் தட்டு கருகிப் போயிற்று. பிள்ளைகள் அதையும் விடவில்லை.

தகரப் பெட்டியில் ஒக்ஸ்பேல் முகாமில் எழுதிய ஒரு கொப்பி கிடந்தது. 1941க்கு முன் ஜேர்மன் பள்ளிகளில் கற்பித்த பழைய கையெழுத்து. மாமிக்கும் மாமாவுக்கும்கூட அதை வாசிக்கத் தெரியாது. தம்பியைப் பற்றியோ தகப்பனைப் பற்றியோ ஏதாவது இருக்கும் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்திருந்தார்கள். சபையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இன்று வந்து முதல் பக்கங்களை வாசித்தார். ஓமா முகாமில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார், அந்த வகுப்பின் இடாப்பு அது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, சப்பாத்து உண்டு, இல்லை, அண்ணனோடு பங்கு, திங்களும் வியாழனும் மட்டும் வரும் என்று குறித்திருக்கிறார். மாமா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இதை ஸ்கான் பண்ணாமல் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்றார். ஆசிரியை அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் வருகிறார்.