அம்மாவின் பித்தவெடிப்பும் ஒரு யானைத் தோலும்

மூன்றாவது முறையும் வேலை திரும்பி வந்தபோது லீட் அண்ணன் ஒரே வரிதான் சொன்னார்: "ரப்பர் மேல படம் ஒட்டின மாதிரி இருக்குடா." பெங்களூரில் விஎஃப்எக்ஸ், அதாவது கணினியில் காட்சிகளை உருவாக்கும் வேலைக்கு வந்து நான்கு வருடம். யானைச் சாயலில், வறண்ட காட்டில் அலையும் ஒரு கற்பனை மிருகம். அதற்குத் தோல் செய்வது என் பொறுப்பு.

கணினியில் சிற்பம்போலச் செதுக்க உதவும் இசட்பிரஷ் மென்பொருளில், மாடலின் பரப்பை ஆறேழு முறை நுணுக்கமாகப் பிரித்து (சப்டிவைட் செய்து), விலைக்கு வாங்கிய யானைத்தோல் ஆல்ஃபாக்களை, அதாவது முத்திரைபோல ஒற்றும் தோல் அச்சுகளை, உடம்பு முழுக்க ஒற்றியிருந்தேன். கிட்டத்தில் பார்த்தால் பிரமாதம். கேமராவைத் தள்ளி வைத்தால் முட்டியிலும் வயிற்றிலும் ஒரே சுருக்கம். அந்த உடம்பு ஒரு நாளாவது நடந்திருக்கும் என்று நம்ப முடியவில்லை.

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவுக்குப் போனேன். வானம் மூடியிருந்தது, எனக்கு வேண்டியதும் அதுதான். வெயிலில் எடுத்த படத்தில் நிழலும் பளபளப்பும் நிறத்தோடு கலந்துவிடும், மாடல்மேல் போர்த்தும் டெக்ஸ்சர் படத்துக்கு ஆகாது. ஒரு பெண் யானையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். கால் மடங்கும் இடத்தில் சுருக்கங்கள் குறுக்கே வளையம் வளையமாக விழுந்தன. முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் தளர்ந்து தொங்கிய தோல், கால் முன்னே போனதும் இழுபட்டு விரிந்தது. காது ஓரத்திலும் துதிக்கையிலும் நிறம் வெளுத்து இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

மடிப்பு கிடைத்தது, வெடிப்பு கிடைக்கவில்லை. அங்கே இருப்பவை ஆசிய யானைகள். ஆப்பிரிக்க யானையின் தோல்போல ஆழமாக வெடித்திருக்காது. அதைப் பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆய்வைத் தேடிப் படித்தேன். அந்தத் தோல் காய்ந்து சுருங்கி வெடிப்பதில்லையாம். மேல்தோல் அடுக்கடுக்காகத் தடித்துக்கொண்டே போய், அடியில் உள்ள மேடுபள்ளங்களின்மேல் வளையும்போது பிளக்கிறது. சமதளமான பரப்பைவிட 5 முதல் 10 மடங்கு தண்ணீர் அந்த வெடிப்புகளில் தங்கும்.

அன்று இரவு அல்சூர் வீட்டில் அம்மா குதிகாலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஃபோனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "காலைப் போயி என்னடா படம் எடுக்குற?" என்றார். பித்தவெடிப்பின் விளிம்பு சற்றே மேலெழும்பி மஞ்சள் பாய்ந்திருந்தது. ஓரத்தில் வெள்ளைச் செதில், பிளவின் அடியில் மட்டும் சிவப்பு. உள்ளங்கால் குழிவில் ஒரு கீறல்கூட இல்லை. தடித்த தோலில், அழுத்தம் விழுந்து விழுந்து வளையும் இடத்தில்தான் வெடிப்பு. மூன்று வாரமாக எனக்குத் தட்டுப்படாத விஷயம் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருந்திருக்கிறது!

ஆல்ஃபா எல்லாவற்றையும் அழித்தேன். முதலில் பெரிய மடிப்புகள், முழுக்கக் கையால். பிறகு தோல் எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு என்று ஒரு மாஸ்க் வரைந்து, தடித்த இடங்களில் மட்டும் வெடிப்புகளை வளைவின் போக்கிலேயே இழுத்தேன். இந்த ஒன்றுக்கே எட்டு நாள் ஆனது. பள்ளங்களைப் பிரித்துக் காட்டும் கேவிட்டி மேப்பை வைத்து வெடிப்புக்குள் புழுதியை இறக்கினேன். புழுதி படிந்த இடத்தில் பளபளப்பு மங்கும்படி ரஃப்னெஸ்ஸை ஏற்றினேன்.

ரெண்டரில், அதாவது கணினி கணக்கிட்டுத் தரும் இறுதிப் படத்தில், மிருகம் பலூன்போல ஊதி நின்றது. நெஞ்சு அடைத்துவிட்டது. காரணம் சின்னது: பரப்பை எங்கே எவ்வளவு ஏற்றி இறக்குவது என்று சொல்லும் 32 பிட் டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப்பை எடுக்கும்போது, ஏற்றமும் இறக்கமும் இல்லாத இடத்தைக் குறிக்கும் நடுமதிப்பை 0.5 என்று விட்டிருந்தேன். ரெண்டரர் எதிர்பார்த்தது 0. அதனால் மேடும் இல்லாத, பள்ளமும் இல்லாத இடம்கூட வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. புதிதாக வருபவர்கள் இதை முதலில் சரிபாருங்கள். நான் ஒரு இரவு முழுக்க மாடலில் தப்புத் தேடினேன்.

நான்காவது ரிவ்யூவில் அண்ணன் விளக்கை மிருகத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். முட்டியருகே நிறுத்தி, திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு விளக்கைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இங்க தோல் மெல்லிசுடா. வெளிச்சம் உள்ள பூந்து வரணும், சப்சர்ஃபேஸை இன்னும் கொஞ்சம் ஏத்து. மத்தபடி அனுப்பிடலாம்."


காதை மட்டும் அன்று மாலையே சரிசெய்து அனுப்பினேன்.