ஆட்டுக்குடலில் ஒரே ஒரு அடுக்கைக் காப்பாற்றுவது

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் ஆட்டுக்குடலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சாட்ஸ்வொர்த் பக்கம் கறிக்கென்று வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, வெள்ளையாக்கி விற்கும் குடலை வைத்து மைக்ராஸ்கோப் ஸ்லைடு போட முடியாது. சுரண்டலில் போவதே நமக்கு வேண்டிய, குடலின் உட்பரப்பை மூடும் எபிதீலியம்தான். அது ஒற்றைச் செல் அடுக்கு. அறுத்த கையோடு கழுவாத சிறுகுடல் வேண்டும் என்று கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைத்து, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் டப்பாவோடு போய் நிற்க வேண்டும். தாமதித்தால் செல்லின் சொந்த நொதிகளே அதைத் தின்னும். உட்சுவரில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் முதலில் அடுக்கு தூக்கிக்கொள்ளும்.

குழாய்த் தண்ணீரில் அலசக் கூடாது, செல்கள் ஊதி வெடிக்கும். 0.9% உப்புநீரில் ஒரு முறை முக்கி எடுத்தால் போதும். ஈ.டி.டி.ஏ. கலந்த கரைசல் கிட்டேயே வரக் கூடாது. ஒட்டும் இணைப்பில் பக்கத்துச் செல்களைப் பிடித்து வைக்கும் கேட்ஹெரின் புரதத்துக்குக் கால்சியம் வேண்டும். ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் அந்தக் கால்சியத்தைக் கவ்விக்கொள்ள, செல்கள் கைவிட்டுப் பிரிந்துவிடும்.

துண்டு 3 முதல் 4 மி.மீ. தடிமன் இருக்கட்டும். 10% நடுநிலை ஃபார்மலின், துண்டைப் போல் குறைந்தது 10 மடங்கு அளவு, 24 மணி நேரம். புளித்த ஃபார்மலின் என்றால் ஸ்லைடில் பழுப்புப் பொடி படியும். பிறகு நீரை எடுக்க 70, 90, 100 சத ஆல்கஹால், ஆல்கஹாலை எடுக்க சைலீன், கடைசியில் 60 டிகிரியில் உருகிய மெழுகு.

லோட் ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வந்தால், இங்கேதான் கெடுக்கும். 100 சத ஆல்கஹாலிலோ சைலீனிலோ கிடந்தால் துண்டு விறகாகும். மின்வெட்டு அறிவித்திருந்தால் அட்டவணையைப் பார்த்து, காத்திருக்க வேண்டியதை 70 சதத்தில் நிறுத்துங்கள், அங்கே ஒன்றும் ஆகாது. மெழுகில் இருக்கும்போது கரண்ட் போனால், திரும்ப உருகிய பிறகு நேரத்தை முதலிலிருந்து எண்ணுங்கள். அவசரத்துக்குச் சூட்டைக் கூட்டினால் திசு நொறுங்கும்.

இங்கே கோடையான ஜனவரிப் புழுக்கத்தில் மெழுகுக் கட்டி இளகி, 5 மைக்ரான் சீவல் சுருங்கும். வெட்டுமுன் பத்து நிமிடம் ஐஸில் வையுங்கள். கட்டியைப் பதிக்கும்போதே குடல்சுவர் கத்திக்குச் செங்குத்தாக நிற்கட்டும். சாய்வாக வெட்டினால் ஒற்றை அடுக்கின் உட்கருக்கள் நாலைந்து வரிசையாகத் தெரியும்; பார்க்கிறவர் அதைப் பல அடுக்கு எபிதீலியம் என்றே எழுதிவிடுவார். பரிசோதனைத் தாள்களில் அடிக்கடி காணும் தவறு இதுதான், தவறு கண்ணில் இல்லை, கத்தியில்.

ஹீமடாக்சிலின், இயோசின் சாயங்களை ஏற்றியதும் தூண் செல்கள், நடுவே சளி சுரக்கும் வெளிறிய கோப்பை செல்கள், மேல்விளிம்பில் நுண்ணுறிஞ்சிகளின் இளஞ்சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, செல்லும் செல்லும் சேருமிடத்தில் சின்னக் கரும்புள்ளி. இறுக்க இணைப்பு, ஒட்டும் இணைப்பு, செல்களைப் புள்ளிபுள்ளியாகப் பிணைக்கும் டெஸ்மோசோம் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பது அங்கேதான். சாதாரண மைக்ராஸ்கோப்பில் பிரித்துக் காண முடியாது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து அந்த அடுக்கை செல் ஆய்வாளர்கள் ஃபர்குவாரும் பலாடேயும் 1963இல் விவரித்தார்கள். குடலுக்குள் இருப்பதை இறுக்க இணைப்பு செல் இடுக்கு வழியே கசியாமல் தடுக்கும். இடைவெளி இணைப்போ 2 முதல் 4 நானோமீட்டர் சந்து, அயனிகள் செல்லிலிருந்து செல்லுக்கு நேரே போகும் குழாய். அது இந்த ஸ்லைடில் வராது, தேடி நேரம் போக்க வேண்டாம்.

டெஸ்மோசோம் வேலை செய்வதைக் கண்ணால் காண அதே ஆட்டின் உணவுக்குழாயை வெட்டுங்கள். பதப்படுத்தும்போது செல்கள் சுருங்கும். டெஸ்மோசோம் உள்ள புள்ளிகளில் மட்டும் பிடி விடாது. அதனால் செல்லைச் சுற்றி முள் முளைத்தாற்போல் தெரியும். முள் செல் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 100 மடங்கு எண்ணெய் லென்ஸிலும் தெரியவில்லையென்றால் ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.